குட்டி ஒதுங்க ஓர் இடம்

நாய்க்குட்டியைக் கொண்டுவரும் நாளுக்கு முந்தின நாளே வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: அது எங்கே ஒதுங்கப் போகிறது? பெயர் வைப்பதையும் கழுத்துப்பட்டை வாங்குவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இடம் முடிவாகாமல் குட்டியைக் கூடத்தில் இறக்கிவிட்டால் அதுவே ஓர் இடத்தை முடிவு செய்துகொள்ளும். பெரும்பாலும் அது கட்டிலுக்கு அடியிலோ பூஜை அறை ஓரத்திலோதான் இருக்கும். பிறகு அதை மாற்றப் படும் பாடு முதல் நாள் பாட்டைப்போல் பல மடங்கு.

பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் போகும். சுத்தம் செய்வதும் தாய்தான். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், படுத்திருக்கும் இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போய் இருந்துவிட்டு வரும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. படுக்கையை அசுத்தம் செய்யக் கூடாது என்பது நாய்ச் சாதிக்கே உள்ள குணம். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய உதவியும் அதுதான்.

ஏறத்தாழ 7 வாரத்திலிருந்து 9 வாரத்துக்குள் இன்னொன்றும் நடக்கிறது. எந்த மாதிரித் தரையில் கால் பட்டால் போகலாம் என்பது குட்டிக்குப் பதிந்துவிடுகிறது. மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும். சிமெண்டுத் தரையில் அடைபட்டு வளர்ந்தது சிமெண்டைத் தேடும். அதற்கு உங்கள் வீட்டு டைல்ஸும் சிமெண்டும் ஒன்றுதான். இது கூடம், இது கொல்லை என்று நாம் பிரித்து வைத்திருப்பது குட்டிக்குத் தெரியாது. காலுக்கு அடியில் இருப்பதும் மூக்குக்கு எட்டுவதும்தான் அதற்கு இடம். அதனால் முதல் நாளிலிருந்து குட்டிக்குச் சரியான தரையைக் காட்டுவதே பழக்கத்தில் பாதி வேலை.

இதனால்தான் குட்டியின் வயதும் முக்கியமாகிறது. 30, 35 நாளிலேயே குட்டியைக் கைமாற்றிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அந்த வயதில் தாயிடமிருந்து பிரித்தால், படுக்கையை விட்டுத் தள்ளிப்போகும் பழக்கம் உறுதிப்படும் முன்பே பிரித்ததாக ஆகும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளும் சொல்கின்றன. விற்பவர் அவசரப்படுத்தினாலும் அந்த இரண்டு மாதம் பொறுத்திருங்கள். முடிந்தால் குட்டிகள் வளரும் இடத்தையும் நேரில் பாருங்கள். ஈன்ற இடம் மண்தரையா, சாக்கு விரித்த காரைத்தரையா, கழுவாத கூண்டா என்று பார்த்தாலே உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தெரு இப்போது வேண்டாம்

நாய் வளர்ப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் புத்தகங்களில் பல குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. குட்டியை அடிக்கடி வெளியே புல்வெளிக்கு அழைத்துப்போகச் சொல்லும். மதுரையில் இரண்டு மாதக் குட்டியைத் தெருவில் இறக்கிவிடுவது அதன் உயிருக்கே ஆபத்து. காரணம் பார்வோ. நோய் கண்ட நாயின் மலத்தோடு வெளியேறும் இந்த வைரஸ், வெயில் படாத ஈர மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது தொற்றினால் வாந்தியும் ரத்தபேதியும் கண்டு, இரண்டொரு நாளிலேயே துவண்டு போகும். தெருநாய்கள் நடமாடும் எந்த மண்ணையும் நம்ப முடியாது.

6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அடுத்து 3, 4 வார இடைவெளியில் மறு ஊசிகள், 16 வார அளவில் கடைசி ஊசி என்று தடுப்பூசி அட்டவணை போகும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெரு மண்ணில் விட வேண்டாம். ஆனால் பழக்கம் பதிகிற காலமும் அதே நான்கு மாதம்தான். எனவே வீட்டு எல்லைக்குள், தெருநாயின் கால் படாத, காலுக்கு மண்ணாகத் தெரிகிற ஓர் இடத்தை நாமே உண்டாக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் நம் வழக்கம் இங்கே குட்டியையும் காக்கிறது. அந்த இடத்துக்கு யாரும் வெளிச்செருப்போடு போகாதீர்கள்.

மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கொல்லை கிடையாது, மொட்டை மாடிதான் உண்டு. அங்கே ஒரு மூலையில் செங்கல்லை ஒரு வரிசை அடுக்கி, இரண்டடிக்கு மூன்றடி பாத்தி கட்டி, கீழே தார்ப்பாய் போட்டு, மூன்று நான்கு அங்குலத்துக்கு மண் நிரப்புங்கள். சலித்த செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்தால் மூத்திரத்தை நன்றாக உறிஞ்சும். மண்ணைத் தின்னும் குட்டியாக இருந்தால் நார்க்கழிவை விட்டுவிட்டுச் செம்மண் மட்டும் போடுங்கள். எம்-சாண்ட் கூர்மையாக இருப்பதால் பாதத்தில் உறுத்தும். உறுத்தும் இடத்துக்குக் குட்டி மறுபடி வராது. தெருவோரத்திலிருந்து மண் அள்ளிக் கொண்டுவருவதும் தெருவுக்கே அழைத்துப்போவதும் ஒன்றுதான். நர்சரியில் வாங்கி, வெயிலில் காயப்போட்டு நிரப்புங்கள்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர்த் தொட்டி நிழல் இருக்கிறதே என்று பாத்தியை அதன் பக்கத்தில் வைப்பார்கள். மதுரை பூமத்திய ரேகைக்குப் பக்கம். சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் உச்சிவேளையில் சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேலேயே நிற்கும். தொட்டியின் நிழல் அதன் காலடியிலேயே சுருங்கிவிடும். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் மாடித்தரை அதைவிட அதிகமாகச் சுடும். ஒரு தடவை பாதம் சுட்டுவிட்டால் குட்டி அந்த மூலையைப் பார்த்தாலே பின்வாங்கும். நான்கு கழி நட்டு மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். தகரம் வேண்டாம், அது அனலை அடியிலேயே இறக்கும். பாத்திக்குப் போகும் வழியிலும் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதத்துக்கும் அது முடியாது. கைப்பிடிச் சுவரில் சந்து இருந்தால் அடைத்த பிறகே குட்டியை மாடிக்குக் கொண்டுபோகலாம்.

கே.கே. நகர், அண்ணா நகர், திருநகர் பக்கம் வீட்டைச் சுற்றி நாலடி இடம் விட்டிருப்பார்கள். ஆனால் அது முழுக்கச் சிமெண்டு பூசியிருக்கும். கழுவ வசதி என்று குட்டியை அங்கேயே விட்டால், சிமெண்டுப் பழக்கம் நாளைக்குக் கூடத்துக்கு வரும். அங்கும் ஒரு பாத்தி வேண்டும். கேட்டுக்கு அடியில் தெருக்குட்டிகள் நுழையும் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள்.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் சிக்கல் வேறு மாதிரி. மண்ணுக்குப் பஞ்சமில்லை, சாணம் மெழுகிய முற்றமும் திண்ணையும்கூட மண்தான். குட்டிக்கு எங்கும் போகலாம் என்றே படும். கொல்லையில் ஒரு மூலையைப் படல் வைத்து மறைத்து, அங்கே மட்டும் கொத்திவிட்ட பொலபொலப்பான மண் இருக்கும்படி செய்தால் மெழுகிய தரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியும். வைக்கோல்போருக்கும் தொழுவத்துக்கும் பக்கத்தில் அந்த மூலை இருக்கக் கூடாது. நாயின் மலம் தீவனத்தில் கலந்தால் கறவை மாட்டுக்குச் சினை கலைக்கும் ஒரு நுண்கிருமி அதன் வழியாகப் பரவக்கூடும்.

பழைய செய்தித்தாளை விரித்துப் பழக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. மாடி ஏற முடியாத வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது சரி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். முதலில் தாளுக்குப் பழக்கி, பிறகு மண்ணுக்கு மாற்றுவது இரட்டை வேலை. நாமோ தரையில் பாய் விரித்து, பேப்பரைப் பரப்பிப் படிக்கிறவர்கள். குட்டி இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கடையில் விற்கும் உறிஞ்சுவிரிப்பும் அப்படியே, மிதியடிக்கும் அதற்கும் காலுக்கு வேறுபாடு தெரியாது. முதல் இரண்டு மாதம் வீட்டில் உள்ள மிதியடி, கோரைப்பாய், ஜமுக்காளம் எல்லாவற்றையும் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள்.

நேரம்

தூங்கும் குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு சுமாரான கணக்கு உண்டு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். விழித்து ஓடியாடும்போது இந்தக் கணக்கு செல்லாது. முக்கால் மணிக்கொரு தடவை தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்து முதல் இருபது நிமிஷத்துக்குள், விளையாட்டு ஓய்ந்ததும் – இந்த மூன்று வேளையையும் விடாமல் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான விபத்து நின்றுவிடும். விளையாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று நிறுத்தி, தரையை மோந்துகொண்டே வட்டமடித்தால் உங்களுக்கு அரை நிமிஷம்கூட இல்லை.

விடியலில் வாசல் தெளிக்க எழுந்திருப்பவர், துடைப்பத்தைத் தொடும் முன் குட்டியைத் தொட வேண்டும். இரவு முழுதும் தேங்கியது அப்போதுதான் வரும். நடத்திக் கூட்டிப்போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நடந்தால் படியிலேயே ஆகிவிடும். அந்த முதல் மூத்திரத்தை ஒரு துணியில் ஒற்றிப் பாத்தியில் போட்டு வைத்தால் வாசனையே அடுத்த தடவை குட்டியை அழைக்கும்.

பாத்தியில் இறக்கிவிட்டு நீங்கள் சும்மா நில்லுங்கள். கொஞ்சாதீர்கள், விளையாடாதீர்கள். ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். அப்பத்தா 'ஒண்ணுக்கு' என்றும், பேரன் 'போ போ' என்றும், மருமகள் 'சீக்கிரம்டா' என்றும் சொன்னால் குட்டிக்கு எதுவும் பதியாது. எல்லோருக்கும் ஒரே சொல். போய் முடித்த மறுகணமே, அதே இடத்தில், தட்டிக்கொடுத்து ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். வேகவைத்த கோழித்துண்டு, முட்டை, ஈரல் எதுவானாலும் நகத்தளவு போதும். சைவ வீட்டில் பனீரோ வேகவைத்த கேரட்டோ கொடுக்கலாம். கீழே இறங்கி வந்து அடுக்களையில் கொடுத்தால், படி இறங்கியதற்குக் கொடுத்ததாகத்தான் அது நினைக்கும். முடித்த பிறகு ஐந்து நிமிஷம் அங்கேயே விளையாட விடுங்கள். முடித்ததும் உள்ளே தூக்கிப்போய் அடைத்தால், வெளியே இருக்கும் ஆசையில் குட்டி அடக்கிக்கொள்ளப் பழகும்.

ஐந்து நிமிஷம் நின்றும் போகவில்லையா? கீழே கொண்டுவந்து மடியிலோ, இடுப்பில் கட்டிய சின்னக் கயிற்றிலோ பக்கத்திலேயே வைத்திருந்து, பத்து நிமிஷத்தில் மறுபடி போங்கள். இந்த இடைவேளையில் அதைக் கூடத்தில் சுதந்திரமாக விடுவதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

கண்பார்வையில் வைத்துக்கொள்ள முடியாத நேரத்துக்குக் கூண்டு வேண்டும். நம்மவர்களுக்குக் கூண்டு என்றாலே தண்டனை என்று தோன்றும். குட்டிக்கு அது படுக்கை. படுக்கையை அது அசுத்தம் செய்யாது. எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு போதும், பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பிடம் ஆக்கிவிடும். மதுரை வெக்கைக்குக் கம்பிக் கூண்டுதான் ஏற்றது. மின்விசிறி உள்ள இடத்தில், ஜன்னல் காற்று வரும்படி வையுங்கள். கரண்ட் போனால் உடனே திறந்துவிட ஆள் இருக்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. இரவில் கூண்டு உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முனகினால் எழுந்து கொண்டுபோங்கள். நான்கு மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் ஆறேழு மணி நேரம் தூங்கிவிடும்.

கணவன் மனைவி இருவரும் காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பும் வீட்டில், நடுவே வந்து பார்க்க யாரும் இல்லை என்றால், இரண்டு மாதக் குட்டியை எடுக்காதீர்கள். அதைப் பழக்கவே முடியாது; அது குட்டியின் குற்றமும் அல்ல. வளர்ந்த நாட்டு நாய் ஒன்றை எடுத்து வளர்த்தால் இருவருக்கும் நல்லது.

பாலும் பினாயிலும்

குட்டி வந்ததும் ஒரு கிண்ணம் பசும்பால் வைப்பது நம் அன்பின் வழக்கம். தாய்ப்பால் மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, இளகிப் போகும். இளகின வயிற்றோடு எந்தக் குட்டியாலும் அடக்க முடியாது. பாலையும் பால்சோற்றையும் நிறுத்தினாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, பிறகு ஆறு மாதம் வரை மூன்று வேளை, குறித்த நேரத்தில் வைத்து, கால் மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் நேரம் ஒழுங்காக இருந்தால் வெளியே வரும் நேரமும் ஒழுங்காகும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் கிண்ணத்தை எடுத்து வைக்கலாம் என்பார்கள். பங்குனி முதல் ஆனி வரை நம் ஊரில் அதுவும் கூடாது.

வீட்டுக்குள் போய்விட்டால்? போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால் மெதுவாக ஒரு கைதட்டு, உடனே தூக்கிக்கொண்டு பாத்திக்கு. மிச்சத்தை அங்கே முடித்தால் பாராட்டு. முடிந்த பிறகு பார்த்தால் துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் வழக்கத்தை மனசாரக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். அரைமணிக்கு முன் செய்ததற்கும் இப்போது வாங்கும் அடிக்கும் தொடர்பு குட்டிக்குத் தெரியாது. மனிதர் கண்ணெதிரே போனால் ஆபத்து என்பது மட்டும் புரியும். பிறகு பீரோ இடுக்கில் ஒளிந்து போகும். நீங்கள் பாத்தியில் காத்து நின்றாலும் உங்கள் முன் போகாது.

துடைப்பதற்குக் கறுப்புப் பினாயில் வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள், தரையை நக்கிப் பாதத்தை நக்கும் குட்டிக்கு நஞ்சு. அது நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும், நாயின் மூக்குக்கு மறைக்காது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதித் திரவம் இன்னும் நல்லது. டைல்ஸ் இணைப்புக் கோடுகளில்தான் வாசனை தங்கும், பிரஷ் போட்டுத் தேயுங்கள். பிளீச்சிங் கரைசல் பார்வோவைக் கொல்லும்; ஆனால் மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றினால் கெட்ட நெடி கிளம்பும். கழுவிய பிறகே போட்டு, மறுபடி தண்ணீரால் அலச வேண்டும். பாத்தியில் உள்ள மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். குட்டி வயிற்றில் உருண்டைப்புழு இருந்தால் அதன் முட்டை மண்ணில் தங்கி, அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கும் போகும். பூச்சி மருந்தை மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் கொடுங்கள்.

ராஜபாளையம் குட்டி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. வீட்டார் அது தெரியாமல், சொன்ன சொல் கேட்கவில்லை, பிடிவாதம் என்று திட்டுவார்கள். குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டுக் குட்டியும் அதே நாட்களில் பழகும். சொல்லுக்குப் பதில் ஒரு கைச்சைகை, பாராட்டுக்குக் கட்டைவிரல் அசைவு, அவ்வளவுதான் மாற்றம்.

பழக்கம் குலையும் நாட்கள்

சித்திரைத் திருவிழாவின்போது அழகர் வரும் வழியில் உள்ள தல்லாகுளம், கோரிப்பாளையம் வீடுகளில் விருந்தாளிகள் நிரம்பி வழிவார்கள். நேரம் தவறும், ஆளாளுக்குத் தின்பண்டம் கொடுப்பார்கள். குனிந்து தலையைத் தடவுபவர் முன் குட்டி பின்னங்காலை மடக்கி மூத்திரம் விட்டால், அது பழக்கம் கெட்டதன் அடையாளமல்ல. பணிவும் பரபரப்பும் கலந்து தன்னையறியாமல் விடுவது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் இருந்து, பிறகு கீழே உட்கார்ந்து மார்புப் பக்கம் தடவினால் போதும். வளர வளரத் தானாக நின்றுவிடும்.

தீபாவளிப் பயம் கடுமையானது. வெடிச்சத்தத்தில் மாடிக்கே வர மறுக்கும். அந்த இரண்டு மூன்று நாளும் பொழுது சாயும் முன்பே சாப்பாட்டை முடித்து, பாத்திக்கும் கொண்டுபோய் வந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈர மண்ணில் கால் வைக்கப் பல குட்டிகள் கூசும். புரட்டாசியிலேயே அதே மண்ணை ஒரு தட்டில் நிரப்பி மாடிப்படிக்கு அடியில் வைத்துப் பழக்கியிருந்தால் மழை ஒரு பொருட்டே அல்ல.

கடைசி ஊசி முடிந்து தெருவுக்குக் கொண்டுபோகும்போது, முதல் சில நாட்களுக்குப் பாத்தி மண்ணில் ஒரு கைப்பிடி பையில் எடுத்துப்போய், நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தூவுங்கள். காலை வெயில் ஏறுமுன்பும் இரவு தார் ஆறிய பிறகும் போங்கள். கண்மாய்க் கரையோ காலிமனையோ, மலத்தைத் தாளில் அள்ளிக்கொண்டு வருவது உங்கள் கடமை. அடுத்த வீட்டுக் கோலத்தின் மேல் உங்கள் நாய் போனால் அந்தத் தெருவில் எல்லா நாய்க்கும் பகை வரும்.

ஆறேழு மாதத்தில் ஆண்குட்டி காலைத் தூக்கி, பைக் டயரிலும் சோபா காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இது எல்லை குறிப்பது. பழைய அட்டவணைக்குத் திரும்பிக் கண்காணித்தால் குறையும். கருத்தடை செய்தால் பெரும்பாலானவற்றில் இன்னும் குறையும்.

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாக விட்டாலோ, இருந்து இருந்து பார்த்து முனகினாலோ, மூத்திரத்தில் ரத்தம் கலந்தாலோ அது பழக்கப் பிரச்சினை அல்ல, மூத்திரப்பை நோய். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்கோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். போகிற அன்று விடியலில், குட்டி பாத்தியில் குனியும்போது சுத்தமான ஆழமில்லாத கிண்ணத்தைப் பின்னால் நீட்டிக் கொஞ்சம் மூத்திரம் பிடித்து, மூடியுள்ள குப்பியில் ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வண்டியின் டிக்கியில் வெயிலில் வைத்தால் சோதனைக்கு உதவாது.